நந்தனார் பள்ளி கண்ட சுவாமி சகஜானந்தர்

பிள்ளைகளைப் படிக்கவைக்க ஒரு சங்கம் தொடங்குவது எளிது. அதை இருபத்தைந்து ஆண்டுகள் தளராது நடத்துவது அரிது. அவ்வரிய செயலை நம் சங்கம் முடித்து வெள்ளிவிழாக் கொண்டாடும் இவ்வேளையில், இப்பணியில் நமக்கு வழிகாட்டியாக விளங்கிய பெரியார் ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது நலம். அவரே சுவாமி சகஜானந்தர். அன்னார் நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் மைந்தர் என்பது நமக்குத் தனிப் பெருமை.

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில், 1890ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27ஆம் நாள், அண்ணாமலை, அலமேலு ஆகியோரின் மகனாக அவர் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. சேரியில் பிறந்த பிள்ளைக்கு எழுத்து எட்டாக்கனியாக இருந்த காலம் அது. எனினும் திண்டிவனத்தில் அமெரிக்க ஆர்க்காடு மிஷன் நடத்திய பள்ளியில் சேர்ந்து, விடுதியில் தங்கிப் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. நம் வேலூரில் ஊரிசுக் கல்லூரியை வளர்த்த மிஷனும் அதுவே. சிறுவர் முனுசாமி படிப்பில் சிறந்து விளங்கினார். ஆயினும் மதம் மாற அவர் உள்ளம் இசையவில்லை. அதனால் கல்வி இடையில் நின்றது. அதுவரை உண்டு தங்கியதற்கான செலவைத் திருப்பித் தரவேண்டிய நிலையும் நேர்ந்தது. குடும்பம் பிழைப்பை நாடிக் கோலார் தங்கவயல் சென்றது. நம் மாவட்டத்து ஏழை மக்கள் பல்லாயிரவர் உழைத்து ஓய்ந்த இடமல்லவா அது!

படிப்பு நின்றாலும் அறிவுத்தேடல் நிற்கவில்லை. சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து, தமிழும் சமய நூல்களும் கற்றுத் துறவு பூண்டார். சகஜானந்தர் என்னும் பெயர் அங்குக் கிடைத்ததே. 1910ஆம் ஆண்டு, இருபது வயது இளந்துறவியாகச் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

சிதம்பரம் என்றதும் நம்மவர் நெஞ்சில் எழுவது நந்தனார் நினைவு. தில்லையைக் காண நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கி நின்றமையால் திருநாளைப்போவார் எனப் பெயர் பெற்றவர் அவர். அந்த நாளை தம் மக்களுக்கு என்று விடியும் என்பதே இளந்துறவியின் கவலையாயிற்று. துறவி என்றால் ஒதுங்கியிருந்து தவம் செய்யலாம்; அவரோ ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதையே தம் தவமாகக் கொண்டார். நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டு, 1916ஆம் ஆண்டு பள்ளியைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்டோர் நலனுக்கென அரசினர் தொழிலாளர் துறையை ஏற்படுத்துவதற்கும் முந்திய காலம் அது. கல்வி உதவித்தொகை என்ற சொல்லையே சேரி அறியாத நாளில், பிள்ளைகளுக்குப் பாடத்தோடு உணவும் உறைவிடமும் தேடித் தந்தார். ஓமக்குளத்து நந்தனார் மடம் அப்பிள்ளைகளின் தாய்வீடாயிற்று. பெண்மக்கள் கல்வியையும் அவர் மறந்தாரில்லை. 1927இல் காந்தியடிகள் சிதம்பரம் வந்து அவர்தம் பணியைக் கண்டார்.

1926 முதல் சட்டமன்றத்தில் பல்லாண்டுகள் வீற்றிருந்து, நிலமற்றோர்க்கும் கல்வியற்றோர்க்கும் குரல் கொடுத்தார். பதவி வந்தபோதும் பள்ளியை விட்டாரல்லர். சட்டமன்ற உறுப்பினராக இருக்கையிலேயே 1959ஆம் ஆண்டு மே முதல் நாள் மறைந்தார். உழைப்பாளர் திருநாளில், உழைத்தவர் ஓய்ந்தார். அவர் நட்ட பள்ளி இன்று ஆடவர்க்கும் மகளிர்க்கும் அரசு மேல்நிலைப் பள்ளிகளாகத் தழைத்து நிற்கிறது.

இளைஞர்களே! ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் நம் பெற்றோர் சுண்ணாம்பிலும் உப்பிலும் கை வெந்து உழைத்தனர். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகவே நம் சங்கமும் எழுந்தது. உங்களில் சிலர் நாளை ஆசிரியராகவோ விடுதிக் காப்பாளராகவோ இத்தகைய பணியில் முதல் அடி வைப்பீர்கள். அந்த முதல் நாளில் இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளுங்கள். உண்ட சோற்றுக்குக் கணக்குக் கேட்கப்பட்ட சிறுவர் ஒருவர், வளர்ந்த பின் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறும் கல்வியும் தந்தார். நாம் இடும் ஒரு கவளம் எந்தப் பிள்ளைக்கும் கடனாகிவிடக் கூடாது. அது அப்பிள்ளையின் உரிமை. இந்த எண்ணத்தோடு பணி தொடங்குவோர்க்கு ஊதியம் குறைவாயினும் வாழ்வு குறைவாகாது. சகஜானந்தர்க்கு நாம் எழுப்பத்தக்க நினைவுச்சின்னம், படித்து நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு பிள்ளையுமே.