சன்னது திரும்பியது, சட்டம் மாறியிருந்தது



நம் குடியிருப்பில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு போகிறவர்கள் பலர். பிள்ளை வளர்ப்புக்காகவோ, வெளிநாடு போனதாலோ சில வருஷம் விட்டுவிட்டுப் பழைய வேலைக்கே திரும்புகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்காகவே இந்த முறை வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கை. அவர் கப்பல் ஓட்டியதும் செக்கிழுத்ததும் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு நடந்ததையும் கொஞ்சம் கேளுங்கள்.

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல். வ.உ.சி. பிளீடர் தேர்வில் தேறி, 1895-ல் சொந்த ஊரிலேயே தொழில் தொடங்கினார். பிறகு தூத்துக்குடிக்கு மாறினார். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1908 மார்ச்சில் கைது, ஜூலையில் 40 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவை, கண்ணூர் சிறைகளில் இருந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

வந்து பார்த்தால் கம்பெனி இல்லை. தண்டனை பெற்றதால் வக்கீல் சன்னதும் போய்விட்டது. சென்னையில் அரிசி, நெய் வியாபாரம் செய்தார். பிறகு கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். வங்கியில் காலம் கழித்த எனக்கு இதைப் படிக்கும்போது ஒரு நெருக்கம் தோன்றும். வருமானம் போதாமல், சன்னதைத் திருப்பித் தரும்படி விண்ணப்பித்தார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி அனுமதித்தார். அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி.

சன்னது ஒரே உத்தரவில் திரும்பிவிட்டது. தொழில் அப்படித் திரும்புமா? அவர் ஆரம்பத்தில் படித்தது 1882-ம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1877-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம், பதிவுச் சட்டம். அவர் சிறையில் இருந்தபோது, 1909 ஜனவரி 1 முதல், இந்த மூன்றுக்கும் பதிலாகப் புதுச் சட்டங்கள் வந்துவிட்டன. நடைமுறையில் பெரும்பகுதி 'ஆர்டர்', 'ரூல்' என்று தனி அட்டவணைக்குப் போய்விட்டது. கெடு ஒரு நாள் தப்பினாலும் கட்சிக்காரரின் வழக்கு போய்விடும். எதிரே நிற்பவர் கப்பலோட்டிய தமிழன் என்பதற்காகக் கோர்ட்டு பழைய பிரிவை ஏற்காது. ஐம்பது வயதையொட்டி இருந்தவருக்கு மறுபடி பாடம்தான்.

அவருக்குக் கைகொடுத்தது படிப்பை விடாத பழக்கம் என்றே நினைக்கிறேன். சிறையிலும் எழுதினார், ஜேம்ஸ் ஆலன் நூல்களைத் தமிழாக்கினார். சன்னது இல்லாத வருஷங்களில் திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். பிறகு கோவில்பட்டியில் 1932 வரை வக்கீலாக இருந்தார். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார்.

பழைய வேலைக்குத் திரும்புகிறவர்களே, இடையில் என்னென்ன மாறியது என்று முதல் வாரமே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய பேனல் போய்க் கணினித் திரை வந்திருக்கும்; பாதுகாப்பு விதி மாறியிருக்கும். ரசாயன ஆலையில் பழைய நினைப்பில் ஒரு வால்வைத் திறந்தால் பாதிப்பு பக்கத்தில் நிற்பவருக்கும்தான். தெரியாததை உங்களைவிடச் சின்னவரிடமும் தயங்காமல் கேளுங்கள்.