கர்ப்பிணிகளின் உயிர் காத்த லூசி வில்ஸ்

மாட்டுங்காவில் ரெயில் ஏறினால் தாதருக்கு அடுத்த நிலையம் பரேல். அங்கே பழைய கவர்னர் மாளிகையில் ஹாப்கின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இன்று கர்ப்பிணிகள் விழுங்கும் சத்து மாத்திரை ஒன்றின் கதை அந்தக் கட்டிடத்தில்தான் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் ஒரு பெண். ஆங்கிலேய டாக்டர் லூசி வில்ஸ்.

பட்டம் தர மறுப்பு

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே உள்ள சட்டன் கோல்டுபீல்டு என்ற ஊரில் 1888-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி லூசி பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தாவரவியலும் நிலவியலும் படித்தார். 1911-ல் தேர்வு எழுதித் தேறினார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை என்பது அந்நாளில் அங்கே சட்டம். அது மாற 1948 வரை ஆயிற்று.

முதல் உலகப் போர் மூண்டபோது அவர் தென் ஆப்பிரிக்காவில் இருந்தார். அங்கே காயம் பட்டவர்களுக்குத் தொண்டு செய்தார். பிறகு லண்டன் திரும்பி, பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1920-ல் டாக்டர் ஆனபோது அவருக்கு வயது 32. தனியாக மருத்துவமனை வைத்துப் பணம் சேர்க்க அவர் விரும்பவில்லை. ராயல் பிரீ ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

பம்பாயில் கண்ட கொடுமை

1928-ல் அவருக்கு இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது. பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பது ஏன் என்று கண்டறிய இந்திய ஆராய்ச்சி நிதி சங்கம் ஏற்பாடு செய்திருந்தது. லூசி பம்பாய் வந்து சேர்ந்தார்.

பஞ்சாலைகளின் சங்கு ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆலைகளில் பெண்களும் வேலை செய்தார்கள். கர்ப்பமான ஏழைப் பெண்கள் பலருக்குக் கடுமையான ரத்தசோகை கண்டது. முகம் வெளுக்கும். மூச்சு வாங்கும். நடக்கவும் முடியாது. பலர் பிரசவத்திற்கு முன்போ பின்போ இறந்தார்கள்.

இந்த நோயாளிகளின் ரத்தத்தை லூசி நுண்ணோக்கியில் பார்த்தார். சிவப்பு அணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. இது இரும்புச்சத்துக் குறைவால் வரும் சாதாரண ரத்தசோகை அல்ல என்று தெரிந்தது. ஏதாவது கிருமி காரணமா என்று தேடினார். கிருமி கிடைக்கவில்லை.

பிறகு அவருடைய கவனம் சோற்றுத் தட்டின் பக்கம் திரும்பியது. வசதி உள்ள பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், இல்லாதவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். பாலும் கீரையும் பழமும் எட்டாத வீடுகளில்தான் நோய் அதிகம் இருந்தது.

குன்னூரிலும் சென்னையிலும்

1929-ல் லூசி நீலகிரிக்குப் போனார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் அப்போது உணவு ஆராய்ச்சி நடந்து வந்தது. ஏழைப் பெண்கள் உண்ணும் உணவையே கர்ப்பமான எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் ரத்தசோகை வந்தது. உணவோடு ஈஸ்ட் சேர்த்தபோது நோய் தடுக்கப்பட்டது.

ஈஸ்ட் சத்து மலிவாகவே கிடைத்தது. பீர் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்த மார்மைட் என்ற கறுப்புப் பசையை ஆங்கிலேயர்கள் ரொட்டியில் தடவித் தின்பார்கள். அதையே லூசி நோயாளிகளுக்குக் கொடுத்தார். சில நாட்களிலேயே புதிய சிவப்பு அணுக்கள் பெருகின. சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்! 1931-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதை வெளியிட்டார். அதே ஆண்டு சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் பணி செய்தார். திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று இன்று பெயர் பெற்றிருப்பது அதுதான்.

இதற்கிடையே ஒரு சோதனை வந்தது. எலிகளின் ரத்தசோகைக்குப் பேன் பரப்பிய ஒரு கிருமியும் காரணம் என்று தெரிந்தது. எலிகளை வைத்துச் சொன்ன முடிவு ஆட்டம் கண்டது. லூசி மனம் தளரவில்லை. குரங்குகளை வைத்து மீண்டும் சோதித்தார். சத்தில்லாத உணவால் குரங்குகளுக்கும் அதே நோய் வந்தது, மார்மைட்டில் குணமானது. பம்பாய்ப் பெண்களுக்கு வந்த நோய் உணவுக் குறைவால்தான் என்பது உறுதியாயிற்று.

அன்று மருத்துவ உலகம் ரத்தசோகைக்கு ஈரல் சாற்றை நம்பியிருந்தது. நன்றாகச் சுத்தம் செய்த ஈரல் சாறு இந்தப் பெண்களுக்குப் பயன்படவில்லை; சுத்தம் செய்யாத சாறுதான் குணம் தந்தது. ஆகவே, பெயர் தெரியாத புதிய சத்து ஒன்று இருக்கிறது என்று லூசி சொன்னார். அதை விஞ்ஞானிகள் வில்ஸ் சத்து என்று அழைத்தார்கள்.

மாத்திரை வந்தது

1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பசலை வகைக் கீரையிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தார்கள். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். 1945-ல் அதை ஆராய்ச்சிக் கூடத்திலேயே தயாரித்துக் காட்டியது எல்லப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. சுப்பாராவ் ஆந்திராவில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

லூசி திருமணம் செய்துகொள்ளவில்லை. வேலைக்குச் சைக்கிளில் போவார். 1947-ல் ஓய்வு பெற்ற பிறகு லண்டனில் செல்சி பகுதியின் கவுன்சிலராக இருந்தார். 1964-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி, 75-ம் வயதில் காலமானார்.

அவர் மறைந்து ஆறு ஆண்டுகளில், 1970-ல், கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுக்கும் திட்டத்தை இந்திய அரசு தொடங்கியது. கருத்தரிக்கும் முன்பே போலிக் அமிலம் சாப்பிட்டால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடுகளைப் பெருமளவு தடுக்கலாம் என்று 1991-ல் வெளியான ஆராய்ச்சி நிரூபித்தது.

இன்று அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த மாத்திரையை இலவசமாகத் தருகிறார்கள். நாக்கில் இரும்பு வாடை அடிக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று அதை அலமாரியில் போட்டு வைக்கும் பெண்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் யோசனை கேட்பது நல்லது. கீரை, பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றிலும் இந்தச் சத்து இருக்கிறது. நெடுநேரம் கொதிக்க வைத்தால் பெரும்பகுதி வீணாகிவிடும். ஒரு கட்டுக் கீரையின் அருமையை உலகுக்குச் சொல்ல லூசி வில்சுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அதை அறிவதற்குள் பரேலின் ஆலைத் தெருக்களில் எத்தனையோ தாய்மார்கள் கண் மூடிவிட்டார்கள்.