விண்வெளிக்கு வழிகாட்டிய விக்ரம் சாராபாய்

விக்ரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் அகமதாபாத் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தினர் துணி ஆலைகளை நடத்திவந்த பெருஞ்செல்வர்கள். குடும்பத் தொழிலைக் கவனித்துக்கொண்டு அவர் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், அவருடைய மனம் அறிவியலையே நாடியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், இரண்டாம் உலகப் போரின்போது தாயகம் திரும்பினார். பெங்களூரில் சர் சி.வி. இராமனின் வழிகாட்டுதலில் அண்டக்கதிர்களை ஆராய்ந்தார். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று முனைவர் பட்டம் பெற்றார். 1947ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார்.

1962ஆம் ஆண்டில் இந்திய அரசு விண்வெளி ஆய்வுக் குழு ஒன்றை அமைத்து, அவரைத் தலைவராக நியமித்தது. அக்காலத்தில் இந்தியாவில் வறுமையும் உணவுப் பற்றாக்குறையும் நிலவின. ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று பலர் ஐயுற்றனர். சாராபாயோ, செல்வந்த நாடுகளோடு போட்டியிடுவது நம் நோக்கமன்று என்று தெளிவுபடுத்தினார். புயலையும் மழையையும் முன்னறியவும், தொலைதூரக் கிராமங்களுக்குக் கல்வியைக் கொண்டு சேர்க்கவும் விண்வெளி ஆய்வு உதவும் என அவர் நம்பினார்.

ராக்கெட் ஏவுவதற்குக் கேரளாவின் தும்பா என்னும் மீனவக் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டது. புவியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வதே அதற்குக் காரணம். ஆனால், அங்கு மக்களின் வீடுகளும் அவர்கள் வழிபட்ட தேவாலயமும் இருந்தன. சாராபாய் ஆயரைச் சந்தித்து, திட்டத்தின் பயனை எடுத்துரைத்தார். மக்களும் நாட்டின் நலன் கருதி இடம்பெயர இசைந்தனர். தேவாலயம் அலுவலகமாக மாறியது. ராக்கெட்டின் பாகங்கள் மிதிவண்டியில்கூடக் கொண்டு செல்லப்பட்டன. இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமும் அங்குப் பணியாற்றிய இளம் பொறியாளர்களுள் ஒருவர். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், அமெரிக்காவில் தயாரான சிறிய ராக்கெட் ஒன்று தும்பாவிலிருந்து விண்ணில் பாய்ந்தது.

1969ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இஸ்ரோ எனப்படும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. தாம் கண்ட கனவு முழுமையாக நனவாகும் முன்பே, 1971ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் சாராபாய் தமது 52ஆம் வயதில் காலமானார். எனினும், அவர் தொடங்கிய பணி நின்றுவிடவில்லை. 1975ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் துணைக்கோளமான ஆரியபட்டா விண்ணை எட்டியது. அதே ஆண்டில், ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் துணைக்கோளம் வழியாகக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாகத் தொடங்கின.

2023ஆம் ஆண்டில் நிலவின் தென்துருவப் பகுதியில் தரையிறங்கிய கலம், அவர் நினைவாக விக்ரம் என்றே பெயரிடப்பட்டது. தும்பா மக்கள் விட்டுக்கொடுத்த தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாகத் திகழ்கிறது.