சுரங்கம் ஈன்ற செம்மல்

1936ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் எடுக்கப்பெற்ற ஒளிப்படங்கள் சில வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. தென்வேல்சின் நிலக்கரி வட்டாரத்திற்கு வருகை புரிந்த எட்டாம் எட்வர்டு மன்னர், மூடிக்கிடந்த டவ்லைஸ் உருக்காலையில் வேலையற்ற தொழிலாளரிடையே நிற்கும் காட்சி அவற்றுள் ஒன்று. டவ்லைசை உள்ளடக்கிய மெர்தர் தொகுதியின் சார்பில் பதினைந்து ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் முழங்கியவர் கெயிர் ஹார்டி. அவர் மறைந்து அப்போது இருபத்தோராண்டுகள் ஆகியிருந்தன. எனினும் அப்படத்தின் முழுப்பொருளை அவர்தம் வாழ்வே உணர்த்தவல்லது.

ஹார்டி 1856இல் ஸ்காட்லாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பத்தாம் வயதில் சுரங்கத்துள் இறங்கி, காற்றுக்கதவைத் திறந்து மூடும் சிறுவனாக இருளில் அமர்ந்தார். இரவுப் பள்ளியிற் பயின்றார். தொழிலாளரை ஒன்றுதிரட்டியமைக்காக வேலையை இழந்தார். அதன்பின் தொழிற்சங்கப் பணியே அவர்தம் வாழ்வாயிற்று. 1892இல் நாடாளுமன்றம் புகுந்தபோது, உறுப்பினர்க்குரிய பட்டுத் தொப்பியை விடுத்து, எளிய துணித் தொப்பியுடன் சென்றமை பலரை முகஞ்சுளிக்கச் செய்தது.

1894 ஜூன் 23ஆம் நாள் வேல்சின் ஆல்பியன் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 290 பேர் மாண்டனர். அதே நாளில் அரச குடும்பத்தில் ஆண்மகவு பிறந்தது. மகவின் பிறப்பை வாழ்த்தத் தீர்மானம் கொணர்ந்த அவை, மாண்டோர்க்கு இரங்கலையும் அதனுடன் சேர்க்குமாறு ஹார்டி வேண்டியதை ஏற்கவில்லை. கூச்சலுக்கிடையே அவர் தனியொருவராய் எதிர்த்துரைத்தார். முகமன் உரைப்போர் நடுவே வளரும் அக்குழந்தை மக்கள் துயரை அறியாதென்றும், அதன் திருமணமும் ஒருநாள் நாட்டிற்குச் சிக்கலாகுமென்றும் கூறினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோல்வியே அவருக்குக் கிட்டியது.

1900இல் மெர்தர்ச் சுரங்கத் தொழிலாளர் அவரை மீண்டும் அவைக்கு அனுப்பினர். 1906இல் தொழிற்கட்சியின் முதல் நாடாளுமன்றத் தலைவரானார். 1907இல் இந்தியா வந்து, ஆங்கில ஆட்சியின் குறைகளை அஞ்சாது எடுத்துரைத்தார். 1914இல் போரை எதிர்த்து, தம் தொகுதியைச் சார்ந்த அபர்டேரில் பேசமுனைந்தபோது, எவருக்காக வாழ்ந்தாரோ அம்மக்கள் கூட்டமே அவரைப் பேசவிடாது கூச்சலிட்டது. அப்புண் ஆறாமலே 1915 செப்டம்பர் 26இல் மறைந்தார்.

அன்று அவை வாழ்த்திய அரச மகவே 1936இல் டவ்லைசில் நின்ற மன்னர். பசித்த முகங்களைக் கண்டு அவர் மனம் இரங்கினார். ஆயினும் ஒரு திங்கள் நிறையுமுன்னரே, தாம் விரும்பிய பெண்மணியை மணத்தற்பொருட்டு முடிதுறந்தார். வேலையற்றோர் வேலையற்றோராகவே நின்றனர். மன்னரின் இரக்கம் ஒருநாள் வருகையோடு முடிந்தது. ஹார்டியின் இரக்கமோ சுரங்கத்திலேயே பிறந்து, வாழ்நாள் முழுதும் தொண்டாய் நீண்டது. அப்படத்தில் காணப்படாத அம்மனிதரே அதன் பொருளாய் நிற்கின்றார் எனலாம்.