பெயர் எழுதாத கதிரைகள்

பழைய கதிரையொன்றைக் கண்டால் நான் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். செய்தவரின் பெயர் எங்காவது இருக்குமா என்ற ஆவல்தான். பெரும்பாலும் இருக்காது. இந்தப் பழக்கமே ஜோன் ஹென்றி பெல்ட்டரின் கதையைத் தேடிப் படிக்க வைத்தது.

1804 இல் ஜேர்மனியில், ஒஸ்னாபுரூக் நகருக்கு அண்மையில் பிறந்த அவர், 1833 இல் நியூயோர்க்குக்குப் புலம்பெயர்ந்தார். 1840களில் அங்கு சொந்தமாகத் தளபாடக் கடை நடத்தினார். விக்டோரியா காலத்துச் செல்வந்தர்கள் பழைய பிரெஞ்சு ரொக்கோக்கோ பாணியை மீண்டும் விரும்பத் தொடங்கியிருந்தார்கள். வளைந்த முதுகு, அதில் ஊடறுத்துச் செதுக்கிய திராட்சைக் குலைகள், ரோசாப் பூக்கள். ஆனால் மரத்தை அவ்வளவு மெல்லிதாகச் செதுக்கினால் இழையோடு பிளந்துவிடும்.

பெல்ட்டர் ரோஸ்வூட் மரத்தை மெல்லிய தகடுகளாக்கினார். ஒன்றின் இழைக்குக் குறுக்காக மற்றதன் இழை வரும்படி, பெரும்பாலும் 6 முதல் 8 தகடுகளை ஒட்டி, நீராவியில் பதப்படுத்தி அச்சில் வளைத்தார். நமது வீடுகளிலுள்ள ஒட்டுப்பலகையும் இதே முறையில் உருவானதுதான். 1847 முதல் 1860 வரை நான்கு காப்புரிமைகள் பெற்றார்.

1863 இல் காசநோய் அவரைக் கொண்டுபோனது. 1867 இல் நிறுவனமும் கடனில் மூழ்கியது. பெயரோ வளர்ந்தது. பெயர்ச்சீட்டு ஒட்டிய கதிரைகள் மிகச் சில என்பதால், அந்தப் பாணியில் கிடைத்த எல்லாவற்றையும் சேகரிப்பாளர்கள் பெல்ட்டருடையது என்றார்கள். அதே நகரில் அதே வேலை செய்த மீக்ஸ் குடும்பமும் சார்ள்ஸ் போடுவினும் அந்தப் பெயருக்குள் மறைந்துபோனார்கள்.

அவர்களை மீட்டவை சிறிய தடயங்கள். மீக்ஸ் ஒருவர் 1859 இல் தன் மகளின் திருமணத்துக்குக் கொடுத்த தளபாடத் தொகுதி, அந்த வடிவம் யாருடையது என்பதைக் காட்டியது. பெல்ட்டரின் காப்புரிமையில் சிக்காமலிருக்க, போடுவின் கதிரை முதுகை இரு துண்டாகச் செய்து நடுவில் பொருத்தினார் என்பதை, அவரிடம் வேலைசெய்த ஒரு தச்சரின் நினைவுக்குறிப்பு சொல்கிறது.

முதலாளிகளின் பெயர்கள் இப்படித் திரும்பி வந்துவிட்டன. அந்தத் திராட்சைக் குலைகளை உளியால் செதுக்கிய தொழிலாளர்களின் பெயர்கள் வரவில்லை. கதிரையின் பின்பக்கத்தில் நான் தேடுவது அவர்களைத்தான்.