சலவைத் தொட்டியிலிருந்து ஒரு தொழிற்சாலை

நம் செட்டில் பல பேர் இப்போது வாழ்க்கையின் ஒரு திருப்பத்தில் நிற்கிறோம். சிலர் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டார்கள். சிலருக்கு வேலை பார்த்த கம்பெனியே மூடிவிட்டது. என்னைப் போல் துணையை இழந்தவர்களும் உண்டு. ஏதாவது தொழில் தொடங்கலாமே என்று யாராவது சொன்னால், அதுக்கெல்லாம் தைரியம் வேணுமே என்கிறோம். அந்தத் தைரியம் எங்கிருந்து வரும் என்று யோசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் மேடம் சி.ஜே. வாக்கர். அமெரிக்காவில் தலைமுடி மருந்து விற்றுப் பெரும் செல்வந்தரான கறுப்பினப் பெண்மணி.

இயற்பெயர் சாரா பிரீட்லவ். 1867 டிசம்பர் 23 அன்று லூசியானா மாநிலம் டெல்டாவில் ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்தார். பெற்றோர் அதே தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். ஏழு வயதில் அநாதை. 14 வயதில் கல்யாணம். 20 வயதில் விதவை, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அண்ணன்மார் முடிதிருத்தும் தொழில் செய்த செயின்ட் லூயிஸ் நகருக்குப் போய், ஊரார் துணிகளைத் துவைத்துப் பிழைத்தார். கணவர் போன மறுநாளே அவர் முதலாளி ஆகிவிடவில்லை. சுமார் பதினைந்து வருஷம் சோப்பு நுரையிலேயே போயிற்று. அந்தக் கூலியில் மகளைப் படிக்க வைத்தார்.

அக்காலத்தில் ஏழைகளின் வீட்டில் குழாய்த் தண்ணீர் ஏது? அடிக்கடி தலைக்குக் குளிக்க வழியில்லாமல் புண்ணும் பொடுகும் வந்து பலருக்கு முடி கொட்டியது. சாராவுக்கும் கொட்டியது. ஆனி டர்ன்போ என்ற இன்னொரு கறுப்பினப் பெண்மணி தயாரித்த மருந்தை வீடு வீடாக விற்கும் ஏஜெண்டாகச் சேர்ந்தார்.

இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கடன் வாங்கவில்லை, கடை பிடிக்கவில்லை. அடுத்தவர் சரக்கை விற்றே வியாபாரத்தைக் கற்றுக்கொண்டார். நானும் ஒரு வருஷமாக வேறொரு கடைக்கு சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி அரைத்துக் கொடுத்து வருகிறேன். என் சொந்த லேபிளை வருகிற தை மாசம் ஒட்டலாம் என்றிருக்கிறேன்.

1905-ல் சாரா டென்வர் நகருக்குப் போனார். சமையல் வேலை பார்த்துக்கொண்டே கந்தகம் கலந்த களிம்பைச் சொந்தமாகத் தயாரித்தார். கந்தகக் களிம்பு ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் தலையை எப்படிக் கழுவுவது, மருந்தை எப்படித் தடவுவது என்று கூடவே செய்து காட்டி விற்றார். வாங்குகிறவர்களின் கஷ்டம் அவர் தன் தலையிலேயே பட்ட கஷ்டமாயிற்றே! 1906-ல் பத்திரிகை விளம்பரத் துறையில் இருந்த சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்தார். அந்தப் பெயரே சரக்கின் பெயரும் ஆயிற்று. தென் மாநிலங்களில் ஊர் ஊராகச் சுற்றி விற்றார். 1908-ல் பிட்ஸ்பர்கில் மகள் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1910-ல் இண்டியானாபொலிஸுக்குக் குடிபெயர்ந்து அங்கே தொழிற்சாலை வைத்தார்.

1912-ல் சிகாகோவில் கறுப்பின வணிகர்களின் மாநாடு. தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் இவருக்குப் பேச வாய்ப்புத் தரவில்லை. கடைசி நாளில் அழைக்காமலே எழுந்து நின்றார். பருத்திக் காட்டிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து சமையலறைக்கும், பிறகு சொந்தத் தொழிற்சாலைக்கும் வந்த கதையைச் சபையில் சொன்னார். மறு வருஷ மாநாட்டுக்கு அதே தலைவர் அவரைப் பேச்சாளராக அழைத்தார். சபையில் எழுந்து நிற்கும் அந்தத் தைரியம் தொழில் தொடங்கும்போது இருந்ததல்ல. ஏழு வருஷம் வாசல் வாசலாக ஏறி இறங்கியதில் சேர்ந்தது என்றே நான் நினைக்கிறேன்.

1917-ல் பிலடெல்பியாவில் தம் ஏஜெண்டுகளுக்கென்றே மாநாடு கூட்டினார். சுமார் 200 பெண்கள் வந்தார்கள். நிறைய விற்றவர்களுக்கு மட்டுமல்ல, நிறைய தர்மம் செய்தவர்களுக்கும் பரிசு கொடுத்தார். 1919 மே 25 அன்று, 51 வயதில் காலமானார்.

தொழில் தொடங்க நினைக்கும் நண்பர்களே, தைரியம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நமக்குத் தெரிந்த ஒரு கஷ்டம், அதைத் தீர்க்கும் ஒரு சரக்கு, தட்டுவதற்கு நாலு வீட்டு வாசல். ஆரம்பத்துக்கு இது போதும். மிச்சம் போகப் போக வரும்.