ரசிகரை அடிக்கப் பாய்ந்த பேப் ரூத்!

1922-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி. நியூயார்க் நகரின் "போலோ கிரவுண்ட்ஸ்" மைதானத்தில் பேஸ்பால் ஆட்டம் நடந்துகொண்டு இருந்தது.

திடீரென்று ஓர் ஆட்டக்காரர், வீரர்கள் உட்காரும் கொட்டகையின் கூரை மீது தாவி ஏறினார். அங்கிருந்து ரசிகர்கள் இருக்கும் இடத்துக்குள் பாய்ந்தார். தன்னைத் திட்டிய ஒருவரைப் பிடித்து உதைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த ரசிகர் பயந்துபோய், நாற்காலிகளைத் தாண்டிக்கொண்டு ஓட்டம் பிடித்தார். ஆள் அகப்படவில்லை. ஆட்டக்காரர் கூரை மீதே நின்றுகொண்டு, "தைரியம் உள்ளவன் வரட்டும்" என்கிற தோரணையில் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். மைதானத்தில் ஏக அமளி!

அந்த ஆட்டக்காரர்தான் பேப் ரூத். அமெரிக்கா முழுவதும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய மனிதர்.

கோபத்துக்குக் காரணம் சிறியதுதான். பந்தை அடித்துவிட்டு, ஆசைப்பட்டு ஒரு கட்டம் கூடுதலாக ஓடினார். நடுவர் "அவுட்" கொடுத்தார். ரூத் ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் மீது எறிந்தார். உடனே வெளியேற்றப்பட்டார். திரும்பும்போது, ரசிகர்கள் கேலி செய்தார்கள். அவ்வளவுதான், தலைக்கேறிவிட்டது.

அபராதம் 200 டாலர். அப்போது ரூத்தின் சம்பளம் ஆண்டுக்கு 52 ஆயிரம் டாலர். எனவே அபராதம் அவருக்குத் தூசு. ஆனால், கேப்டன் பதவியையும் பறித்துவிட்டார்கள். அந்தப் பதவி கிடைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை!

சாராயக்கடைக்காரர் மகன்

ரூத் 1895-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி பால்டிமோர் நகரில் பிறந்தார். தகப்பனார் சாராயக்கடை நடத்தி வந்தார். பெற்றோருக்குப் பிறந்த 8 குழந்தைகளில், பிழைத்தது ரூத்தும் ஒரு தங்கையும் மட்டுமே.

பையன் தெருவில் சுற்றினான். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. 7-வது வயதில், கத்தோலிக்கத் துறவியர் சபை ஒன்று நடத்திய "செயின்ட் மேரீஸ்" தொழிற்பள்ளியில் கொண்டு போய் விட்டுவிட்டார்கள். அனாதைகளும், அடங்காத பிள்ளைகளும் வளர்ந்த இடம் அது. அங்கே சட்டை தைக்கக் கற்றுக்கொண்டான். மத்தையாஸ் என்ற ஆசிரியரிடம் பேஸ்பாலும் கற்றுக்கொண்டான். தையல் வேலை கைகொடுத்ததோ இல்லையோ, பேஸ்பால் கைகொடுத்தது.

1914-ல் ஊர்க் குழு ஒன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் பாஸ்டன் குழு விலைக்கு வாங்கியது. 1919-ம் ஆண்டு இறுதியில், நியூயார்க் "யாங்கீஸ்" குழு ஒரு லட்சம் டாலர் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டது.

54 ஹோம் ரன்

பேஸ்பால், கிரிக்கெட்டைப் போல மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஆட்டம். அடித்த பந்து வேலியைத் தாண்டி ரசிகர்கள் நடுவே போய் விழுந்தால், அடித்தவர் நிதானமாக மைதானத்தைச் சுற்றி வரலாம். அதற்கு "ஹோம் ரன்" என்று பெயர். கிரிக்கெட்டில் சிக்சர் மாதிரி.

ரூத் 1920-ல் மட்டும் 54 ஹோம் ரன் அடித்தார். அதுவரை யாரும் கனவிலும் காணாத கணக்கு! பார்க்க ஜனங்கள் அலை அலையாக வந்தார்கள். அந்த ஆண்டு யாங்கீஸ் குழுவின் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். ஒரே ஆண்டில் 10 லட்சத்தைத் தாண்டிய முதல் பேஸ்பால் குழு அதுதான்.

கூட்டத்துக்குள் போய் விழும் பந்து யாருக்குச் சொந்தம்? எடுத்தவர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே அந்தக் காலத்து வழக்கம். 1921-ல் போலோ கிரவுண்ட்சில் ஒரு ரசிகர் கொடுக்க மறுத்தார். அவரை வெளியே தள்ளினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். 100 டாலர் நஷ்டஈடும் வாங்கினார்! அதன் பிறகு, பிடித்த பந்தை ரசிகரே வைத்துக்கொள்ளும் வழக்கம் மெல்ல மெல்ல வந்தது.

ரூத் ஊர்

போலோ கிரவுண்ட்ஸ், "ஜயன்ட்ஸ்" என்ற குழுவுக்குச் சொந்தம். யாங்கீஸ் அங்கே குடியிருந்த குழு. குடியிருந்தவர்களுக்குச் சொந்தக்காரர்களைவிட அதிகக் கூட்டம் வந்தால் சும்மா இருப்பார்களா? இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். யாங்கீஸ் குழு, ஆற்றின் அக்கரையில் பெரிய ஸ்டேடியம் ஒன்றைக் கட்டியது. 1923-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி திறப்பு விழா. அன்றே ரூத் ஒரு ஹோம் ரன் அடித்தார். "ரூத் கட்டிய வீடு" என்று அந்த ஸ்டேடியத்துக்குப் பெயர் வந்தது.

ஸ்டேடியத்தில் எல்லோருக்கும் ஒரே இடம் அல்ல. ஆடுகளத்தை ஒட்டி "பாக்ஸ்" இருக்கைகள். பணக்காரர்களும் பிரமுகர்களும் அங்கே உட்காருவார்கள். ஆட்டக்காரரின் முகத்தில் வழியும் வியர்வைகூடத் தெரியும். மலிவு டிக்கட்காரர்களுக்குத் தூரத்தில் வெட்டவெளிப் பலகைதான். மேலே கூரை கிடையாது. வெயிலும் மழையும் அவர்களுக்கு இலவசம்!

ஆனால் ஒரு வேடிக்கை. ரூத் நிற்பது மைதானத்தின் வலது கோடியில். மலிவுப் பலகைகள் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தன. ரூத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், குறைந்த காசு கொடுத்தவர்கள்தான்! அவர் அடிக்கும் பந்தும் பெரும்பாலும் அந்தப் பக்கமே பறந்து வரும். அந்த இடத்துக்கு "ரூத் ஊர்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும், ரசிகர்கள் மைதானத்தில் இறங்கி நடந்து வெளியே போகலாம். பிற்காலத்தில் அது நின்றுவிட்டது. அப்போது ரூத்தைச் சிறுவர்கள் மொய்த்துக்கொள்வார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடுவார். 1922-ல் ரசிகரை உதைக்க ஓடிய அதே மனிதர்தான்! பெரியவர்களிடம் கோபம் வரும். குடி உண்டு. ராத்திரி முழுவதும் ஊர் சுற்றுவதும் உண்டு. ஆனால், தொழிற்பள்ளியில் வளர்ந்தவர் அல்லவா? சிறுவர்களிடம் மட்டும் அவருக்குக் கோபம் வந்ததே இல்லை எனலாம்.

நோயாளிச் சிறுவன்

1926-ம் ஆண்டு, நியூஜெர்சி மாநிலத்தில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் நோயில் படுத்திருந்தான். ரூத் கையெழுத்திட்ட பந்து வேண்டும் என்று ஏங்கினான். பந்து வந்தது. அவனுக்காகப் புதன்கிழமை ஒரு ஹோம் ரன் அடிப்பதாக, பந்தின் மேலேயே ரூத் எழுதி அனுப்பி இருந்தார்.

புதன்கிழமை, அக்டோபர் 6-ந் தேதி. செயின்ட் லூயிஸ் நகரில் ஆட்டம். ரூத் ஒன்று அல்ல, மூன்று ஹோம் ரன் அடித்தார்! (கறுப்பு இன மக்களை வலது கோடியில் மட்டும் உட்கார வைத்த மைதானம் அது. காசு இருந்தாலும் வேறு இடம் கிடையாது. 1944 வரை அந்த அநியாயம் நீடித்தது.)

சில நாட்களில் போட்டி முடிந்தது. கடைசி ஆட்டத்தில் ரூத் அவசரப்பட்டு ஓடி அவுட் ஆனார். அதோடு யாங்கீஸ் தோற்றது. ஊரே அவரைக் குறை கூறியது. மறுநாள் அவர் எங்கே போனார் தெரியுமா? அந்தச் சிறுவன் வீட்டுக்கு! படுக்கை அருகே போய் நின்றார். சிறுவனுக்குப் பேச்சே வரவில்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். ஹோம் ரன்தான் காப்பாற்றியது என்று பத்திரிகைகள் எழுதின. வைத்தியம் பார்த்த டாக்டர்களை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை!

மழையும் மரணமும்

1927-ல் ரூத் 60 ஹோம் ரன் அடித்தார். புகழின் உச்சி அது.

1929-ம் ஆண்டு மே 19-ந் தேதி. "ரூத் ஊர்" நிறையக் கூட்டம். திடீரென்று பெருமழை கொட்டியது. கூரை இல்லாத இடம். எல்லோரும் ஒரே வழியில் முண்டியடித்து ஓடினார்கள். படிக்கட்டில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். 2 பேர் நசுங்கிச் செத்தார்கள். ஏராளமானவர்கள் காயம் அடைந்தார்கள். பாக்ஸ் இருக்கைக்காரர்களுக்கு ஆபத்து இல்லை.

ரூத் ஆஸ்பத்திரிக்குப் போய், காயம் அடைந்தவர்களைப் பார்த்தார். அவர்களில் பலர், அவரை அருகில் பார்ப்பதற்காகவே அந்த இடத்துக்கு டிக்கட் வாங்கியவர்கள்.

1930-ல் ரூத்தின் சம்பளம் 80 ஆயிரம் டாலர். ஜனாதிபதி ஹூவரின் சம்பளத்தைவிட 5 ஆயிரம் அதிகம்! 1935-ல் அவர் ஆட்டத்தை விட்டார். மொத்தம் 714 ஹோம் ரன். அந்தக் கணக்கை முறியடிக்க, ஹாங்க் ஆரன் 1974-ல் வர வேண்டி இருந்தது. ஒரு பெரிய குழுவுக்கு மானேஜர் ஆக வேண்டும் என்று ரூத் ஆசைப்பட்டார். அது மட்டும் நடக்கவே இல்லை.

கடைசி வரிசை

புற்றுநோய் அவரைப் பிடித்தது. குரல் கம்மிப்போனது. 1947-ல் ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். நோயில் கிடந்த அந்த நியூஜெர்சிச் சிறுவன்தான்! இப்போது வளர்ந்த ஆண்மகன். இந்த முறை ரூத் நோயாளி. அவன் பார்க்க வந்தவன்.

1948-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி ரூத் காலமானார். வயது 53.

அவருடைய உடலை யாங்கீஸ் ஸ்டேடியத்தின் வாசலுக்குள் வைத்தார்கள். டிக்கட் இல்லை. பாக்ஸ் இல்லை. பலகை இல்லை. ஒரே வரிசை. பல்லாயிரக்கணக்கானவர்கள் இரவிலும் நின்று, ஒவ்வொருவராக நகர்ந்து வந்தார்கள். குழந்தைகளுக்கு எட்டவில்லை. தகப்பன்மார் அவர்களைத் தூக்கிக் காட்டினார்கள்.